பிந்தி வந்தவனின் கூலி: ஒரு நூலும் அதன் வாசகரும்

நல்ல நூல்கள் நல்ல மனிதரை உருவாக்குகின்றன என்னும் கூற்று நமக்குப் பழகிப்போன ஒன்று. தம்மை உருவாக்கிய நூல்கள் எவை என்று திருப்பணியாளர் ஒருவரைக் கேட்போமானால், அவர் தயக்கமின்றிச் சில பெயர்களைக் கூறுவார். திருமறை முதலிடம் பெறும். அதன்பின் அகுஸ்தீனின் அறிக்கைகள், பனியனின் மோட்ச பயணம், சீடத்துவம் பற்றிய பொன்ஹோபரின் நூல் என்று வரிசை நீளும். இத்தகைய பட்டியல்களை நாம் இகழவில்லை. எனினும் அவை விடையளிக்காமல் விட்டுவிடும் வினா ஒன்று உண்டு. அந்நூலைப் படித்த பின்னர் அந்த வாசகர் எதை மாற்றிக்கொண்டார்? கருத்தை மாற்றிக்கொண்டார் என்பது எளிய விடை. அவருடைய உழைப்பு, உணவு, அவர் பெறும் ஊதியம், பிறருக்கு அவர் கொடுக்கும் கூலி ஆகியவற்றுள் எது மாறிற்று என்று கேட்கும்போதே, நூல் ஒன்று வாழ்வை உருவாக்கியதா என்பது தெளிவாகும்.

இவ்வினாவை ஆராய ஒரே நூலை இங்கு எடுத்துக்கொள்வோம். அது ஜான் ரஸ்கின் எழுதிய 'அன்டு திஸ் லாஸ்ட்' என்பது. அளவிற் சிறியது, நான்கே கட்டுரைகள் கொண்டது. அதன் தலைப்பு, திராட்சத் தோட்டத்து உவமையில் எல்லாருக்கும் பிந்தி வந்த ஆளைச் சுட்டுவது. அதை எழுதியவர் தம் தாயிடம் கற்ற சமயப் பற்றை இழந்துவிட்ட ஓர் ஆங்கிலேயர். அதனால் வாழ்வை மாற்றிக்கொண்டவர் ஓர் இந்து. அவ்வழியில் நின்று நற்செய்தியை மீண்டும் வாசித்தவர் தஞ்சையிற் பிறந்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். உவமையோ ஏறத்தாழ இருபது நூற்றாண்டுகளாகத் திருச்சபையின் கையில் இருந்துவருவது. இந்த வரலாறு நம்முன் வைக்கும் கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

1. உவமையும் உரையாளரும்

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் முதற் பதினாறு வசனங்களை நாம் நன்கறிவோம். தோட்டத்து எஜமான் விடியற்காலையில் சிலரை நாட்கூலி பேசி அமர்த்துகிறான். பின்னர் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும், பொழுது சாயும் பதினோராம் மணி வேளையிலும் கடைத்தெருவில் நின்றோரை அழைக்கிறான். மாலையில் அனைவருக்கும் ஒரே கூலி கொடுக்கப்படுகிறது. அதுவும் கடைசியில் வந்தவரிடமிருந்து தொடங்கிக் கொடுக்கப்படுகிறது.

திருச்சபையின் பழைய உரையாளர் இந்த மணி வேளைகளை உருவகமாகக் கொண்டனர். ஐரேனியு, ஓரிகன் ஆகியோர் அவற்றை மீட்பு வரலாற்றின் காலங்களாகக் கண்டனர். கிறிசோஸ்தம், மனிதர் மனந்திரும்பும் வெவ்வேறு வயதுகளாகக் கண்டார். இவ்விளக்கங்களுக்கு உரிய மதிப்பு உண்டு. ஆனால் அவற்றில் தோட்டம் தோட்டமாக இல்லை. கூலி கூலியாக இல்லை. கூலியாள் மட்டும் எப்படிக் கூலியாளாக நிலைக்க முடியும்? இருபதாம் நூற்றாண்டில் யோவாக்கிம் எரேமியாஸ் போன்ற ஆய்வாளர்கள், ஒரு மணி நேர வேலைக்குரிய சிறு காசோடு வீடு திரும்புபவனின் பிள்ளைகள் அன்றிரவு பட்டினி கிடப்பர் என்பதை எடுத்துக்காட்டிய பிறகே, கடைத்தெருவில் நின்றவன் நம் விரிவுரை வகுப்புகளில் மீண்டும் மனிதனானான். கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கவேண்டும் என்னும் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தின் கட்டளை இவ்வுவமையின் பின்னணியில் நிற்பதும் அப்போதுதான் விளங்குகிறது.

இவ்வாய்வாளருக்கு ஒரு தலைமுறைக்கும் மேலாக முந்தி, இறையியலாளர் அல்லாத ஒருவர் கூலியைக் கூலியாகவே கொண்டு இவ்வுவமையைப் பொருளியலின் முகப்பில் எழுதிவைத்தார்.

2. ரஸ்கின் எழுதியது

ரஸ்கின் 1819-இல் லண்டனில், செல்வமிக்க திராட்சமது வணிகர் ஒருவரின் ஒரே மகனாகப் பிறந்தார். அவருடைய தாய் நாள்தோறும் அவரைத் தம்முடன் அமர்த்தி, ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை எதையும் விலக்காமல் வாசிக்கச் செய்தார். முடிந்ததும் மறுபடி ஆதியாகமத்தில் தொடங்கினார். நீண்ட அதிகாரங்களை மனப்பாடம் செய்வித்தார். 1858-இல் இத்தாலியின் டூரின் நகரில் இருந்தபோது ரஸ்கின் தம் தாயின் சுவிசேஷப் பற்றைக் கைவிட்டார். பற்று நீங்கிற்று, திருமறையின் மொழி நீங்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் இந்நூலின் கட்டுரைகள் பிறந்தன.

அவை 1860 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, நாவலாசிரியர் தாக்கரே நடத்திய 'கார்ன்ஹில் மாகசீன்' என்னும் இதழில் வெளிவந்தன. வாசகரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. நான்காம் கட்டுரையோடு தாக்கரே அவற்றை நிறுத்திவிட்டார். 1862-இல் அவை நூலாயின. நூலின் முகப்பில் ரஸ்கின் இரண்டு திருமறைப் பகுதிகளை அடுத்தடுத்து வைத்தார். ஒன்று நாம் கூறிய உவமையின் பகுதி. மற்றொன்று, மேய்ப்பனுடைய கூலி முப்பது வெள்ளிக்காசு என்று நிறுக்கப்படும் சகரியா 11-ஆம் அதிகாரத்தின் பகுதி. கடையனுக்கு முழுக்கூலி ஒருபுறம். நல்ல மேய்ப்பனுக்கு அடிமையின் விலை மறுபுறம். நூலின் வாதம் முழுவதும் இவ்விரண்டின் நடுவே நடக்கிறது.

தேவை மிகும்போது கூலி ஏறும், ஆட்கள் மிகும்போது கூலி இறங்கும். இது இயற்கைச் சட்டம். இதில் அறத்திற்கு இடமில்லை என்பதே அக்காலப் பொருளியலாரின் கொள்கை. ரஸ்கின் இதை மறுத்தார். மனிதனை ஆசையால் மட்டும் இயங்கும் பொறியாகக் கருதும் அறிவியல், மனிதரைப் பற்றிய அறிவியல் ஆகாது என்றார். போர்வீரன், போதகர், மருத்துவர், வழக்கறிஞர், வணிகர் என்னும் ஐந்து தொழிலினரை வரிசைப்படுத்தி, முதல் நால்வரும் தம் கடமைக்காக உயிரையும் இழக்கக் கடன்பட்டவர் என்று நாம் ஏற்கிறோமே, வணிகர் மட்டும் எதற்காக உயிர்துறக்கக் கடன்பட்டவர் என்று வினவினார். மக்களுக்கு வேண்டியதை நேர்மையாக வழங்குவதே அவருடைய கடமை. ஆதாயம் அதன் நோக்கமன்று என்பது அவர் தந்த விடை.

திருப்பணியாளராகிய நம்மைக் கூசவைக்கும் பகுதி இன்னொன்று. தேவைக்கேற்பக் கூலி ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு ரஸ்கின் ஒரு சான்று காட்டுகிறார். பேராயர் ஒருவர் மறைந்தால், அப்பதவியைக் குறைந்த ஊதியத்திற்கு ஏற்க முன்வரும் குருவுக்கு அதை நாம் ஏலம் விடுவதில்லை. பெரியவர்களின் ஊதியம் எங்கும் நிலையானதாகவே இருக்கிறது. கூலியாளின் ஊதியத்தை மட்டுமே சந்தையின் கையில் விட்டுவிடுகிறோம். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த எள்ளலின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை.

இந்நூல் வாசகரை உருவாக்கியது என்பதற்குச் சான்று உண்டு. 1906-ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரிட்டானியப் பாராளுமன்றத்திற்குள் முதன்முறையாகத் திரளாக நுழைந்த தொழிலாளர் பிரதிநிதிகளிடம், அவர்களை உருவாக்கிய நூல்கள் எவை என்று பத்திரிகையாளர் ஸ்டெட் கேட்டு, விடைகளைத் தம் இதழில் வெளியிட்டார். ரஸ்கினின் பெயரே அவ்விடைகளில் மிகுதியாக இடம்பெற்றது.

ஆயினும் நூலை மதிப்பிடுவோர் அதன் ஆசிரியரின் குறைகளை மறைக்கலாகாது. ரஸ்கின் தம்மைப் பழமைவாதி என்று பெருமையுடன் கூறிக்கொண்டவர். 1857-ஆம் ஆண்டு எழுச்சியை அடுத்து அவர் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில், இந்தியர் நுண்கலையில் வல்லவர், ஆனால் கொடியவர் என்று பழித்தார். 1865-இல் ஜமைக்காவில் கறுப்பின மக்களை ஈவிரக்கமின்றி ஒடுக்கிய ஆளுநர் ஐயரின் பக்கம் நின்றார். லண்டன் தொழிலாளியின் கூலிக்காக எரிந்த அவருடைய நெஞ்சம், குடியேற்ற நாடுகளின் உழைப்பாளிவரை நீளவில்லை. அந்நூலின் எஞ்சிய தொலைவை வாசகர் ஒருவரே நடக்கவேண்டியிருந்தது.

3. காந்தியடிகள் வாசித்தது

அவ்வாசகரிடம் செல்லுமுன் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் தகும். ரஸ்கினின் நான்காம் கட்டுரை வெளியான அதே 1860 நவம்பரில், 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் வந்திறங்கினர். ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. கூலி முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். லண்டனில் கூலியைப் பற்றிய வாதம் நிறுத்தப்பட்ட மாதத்தில், தமிழரும் தெலுங்கரும் அந்தக் கூலிக்கே கரை இறங்கினர்.

நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1904-இல், வழக்கறிஞர் காந்தி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் பயணமானார். நிலையத்தில் வழியனுப்ப வந்த நண்பர் ஹென்றி போலாக், வழியில் படிக்குமாறு ரஸ்கினின் நூலை அவர் கையில் கொடுத்தார். பயணம் இருபத்து நான்கு மணி நேரம். தொடங்கிய நூலைக் கீழே வைக்க இயலவில்லை என்றும், அன்றிரவு உறக்கம் வரவில்லை என்றும், நூலின் கொள்கைகளுக்கேற்பத் தம் வாழ்வை மாற்றிக்கொள்ள உறுதிகொண்டதாகவும் அவர் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடங்கள் மூன்று: எல்லாருடைய நன்மையிலேயே தனிமனிதனின் நன்மை அடங்கியுள்ளது, வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே, உழுபவனும் கைவினைஞனும் வாழும் உழைப்பு வாழ்வே வாழத்தக்கது. முதலாவது தமக்கு முன்பே தெரிந்தது, இரண்டாவது மங்கலாகத் தெரிந்தது, மூன்றாவது தமக்குத் தோன்றியதே இல்லை என்று அவர் பிரித்துரைப்பது கருத்திற்கொள்ளத்தக்கது.

அடுத்து நிகழ்ந்தது விரைவானது. 1903 முதல் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வெளிவந்துகொண்டிருந்த 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் அச்சகத்தை ஒரு பண்ணைக்கு மாற்ற, அச்சகத்தை நடத்திய ஆல்பர்ட் வெஸ்டுடன் கலந்து முடிவு செய்தார். டர்பனுக்கு 14 மைல் தொலைவில், கரும்புப் பண்ணைகள் சூழ்ந்த பீனிக்ஸில், 100 ஏக்கர் நிலம் 1,000 பவுனுக்கு வாங்கப்பட்டது. அங்கு உழைப்போர் எந்நிறத்தவராயினும் எந்நாட்டவராயினும் மாத ஊதியம் ஒன்றே: 3 பவுன். அச்சுக் கோப்பவருக்கும் ஆசிரியருக்கும் அதுவே. இதற்கு எல்லாரும் உடன்படவில்லை. உடன்படாதோர் பழைய ஊதியத்தில் தொடர இடமளிக்கப்பட்டது.

இச்சமத்துவம் தொடக்கத்தில் வேலிக்குள் அமைந்த சமத்துவமே என்பதையும் நாம் கூறவேண்டும். வேலிக்கு வெளியே, ஒப்பந்தம் முடிந்த கூலியாளிடமிருந்து 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி பறிக்கப்பட்டது. பீனிக்ஸில் ஒருவர் ஒரு மாதம் பெற்ற தொகை அது. 1913-இல் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்து களத்தில் இறங்கிய பின்னரே, 1914-இல் அவ்வரி நீங்கிற்று. நூல் தொடங்கிவைத்ததை, அதைப் படிக்காத கூலியாட்களே நிறைவேற்றினர்.

4. நூலும் அதன் தலைப்பும்

காந்தியடிகள் எடுத்துக்கொண்ட பாடங்களை நூலோடு ஒப்பிட்டால் ஒரு வியப்பு எழுகிறது. வழக்கறிஞருக்கும் நாவிதருக்கும் சமமதிப்பு என்று ரஸ்கின் கூறவில்லை. ஒரே தொழிலில் திறமை மிக்கவனுக்கும் குறைந்தவனுக்கும் கூலி ஒன்றாயிருக்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. திறமையுள்ளவனை அமர்த்துவதும், இல்லாதவனை விட்டுவிடுவதும் முறையே என்றும் அவர் சேர்த்துக் கூறினார். மனிதரிடையே சமத்துவம் இயலாது என்பதைத் தம் நூல்களெங்கும் வலியுறுத்தி வந்ததாக இந்நூலிலேயே அறிவிக்கிறார். வேலையற்றோருக்கு அரசு வேலையும் பயிற்சியும் தரவேண்டும், முதியோரைப் பேணவேண்டும் என்று 1862-ஆம் ஆண்டு முன்னுரையில் அவர் கேட்டது உண்மை. எனினும் நூலின் வாதம் தலைப்பின் அளவுக்கு எட்டவில்லை. தலைப்பிலோ, ஒருவரும் அமர்த்தாததால் நாள் முழுதும் நின்றவனே நடுநாயகமாக இருக்கிறான்.

ஆகவே காந்தியடிகள் நூலைக் காட்டிலும் அதன் தலைப்பையே உண்மையாக வாசித்தார் என்பது நம் முடிவு. ரஸ்கின் தாம் எழுதியதை முகப்பிலிருந்த உவமைக்குக் கீழே வைத்தார். காந்தியடிகள் உவமை நின்ற இடம்வரை சென்றார். தம்முள் முன்பே இருந்த ஆழ்ந்த நம்பிக்கைகள் சிலவற்றை அந்நூலில் கண்டதாக அவரே கூறுகிறார். நல்ல நூல் வாசகனுக்குள் உறங்கும் நன்மையை எழுப்புகிறது. எழுந்தவன் நூலாசிரியனைக் கடந்து செல்லவும் கூடும்.

5. எல்லாரும் கடையனும்

1908-இல் காந்தியடிகள் இந்நூலைச் சுருக்கிக் குஜராத்தியில் தம் இதழில் தொடராக வெளியிட்டார். தலைப்பை அவர் மொழிபெயர்க்கவில்லை. திருமறையை அறியாத வாசகருக்கு அது விளங்காது என்று கருதி, 'சர்வோதய' என்று பெயரிட்டார். எல்லாருடைய எழுச்சி என்பது அதன் பொருள். அழகிய பெயர், பின்னர் ஓர் இயக்கத்தின் பெயராகவும் வளர்ந்தது. ஆயினும் இப்பெயர் மாற்றத்தில் ஒன்று இழக்கப்பட்டது என்று நாம் எண்ணுகிறோம். 'கடையன்' என்றால் ஒருவனைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. 'எல்லாரும்' என்றால் எவரையும் சுட்டாமல் இருந்துவிடலாம்.

இந்த ஆபத்தைக் கண்டவர் அண்ணல் அம்பேத்கர். தோட்டிக்கும் வழக்கறிஞருக்கும் கூலி ஒன்றாயிருக்கட்டும், ஆனால் அவரவர் தந்தையின் தொழிலையே செய்யட்டும் என்னும் வருண விளக்கத்தைக் காந்தியடிகள் பல்லாண்டுகள் போற்றிவந்தார். சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்வோரையே படிப்படியாகப் பிரித்து அடுக்கும் அமைப்பு என்று 1936-இல் அம்பேத்கர் காட்டினார். அவ்வமைப்பை விட்டுவைத்துக் கூலியை மட்டும் சமமாக்குவது, கடையனைக் கடைசியிலேயே நிறுத்திக் கையில் காசு கொடுப்பதாகும். உவமையோ கூலியைச் சமமாக்குவதோடு வரிசையையும் திருப்பிவிடுகிறது. முதலில் பெறுபவன் பிந்தி வந்தவன். பார்த்துக்கொண்டு நிற்பவன் முந்தி வந்தவன். ரஸ்கினும் காந்தியடிகளும் தவறவிட்ட இக்கூற்றைத் தமிழகத்துத் திருச்சபை தவறவிடலாகாது. ஏனெனில் நம் ஆலயங்கள் சிலவற்றில் இருக்கைக்கும், கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் புதைகுழிக்கும் கூட வரிசை இருந்த வரலாறு நம்முடையது.

6. கணக்கர் குமரப்பா

ஜே. சி. குமரப்பா 1892-இல் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் பயின்று பட்டயக் கணக்கரானார். பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். அமெரிக்காவில் பொருளியல் கற்றார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அத்தொழிலை விட்டார். 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். சிறையிலிருந்தபோது அவர் எழுதிய இரு நூல்கள் 1945-இல் வெளிவந்தன. ஒன்று நிலைத்த பொருளியலைப் பற்றியது. மற்றொன்று இயேசுவின் நடைமுறையையும் போதனையையும் பற்றியது. முன்னதில் அவர் பொருளியல் முறைகளை உயிரினங்களின் வாழ்வோடு ஒப்பிட்டு வகைப்படுத்துகிறார். பிறவற்றை உறிஞ்சியும் கொன்றும் வாழும் முறை அடியில் நிற்கிறது. குஞ்சுகளுக்காக இரைதேடும் தாய்ப்பறவையின் தொண்டு முறை உச்சியில் நிற்கிறது. பின்னதில் இயேசுவின் நடைமுறையைப் போதனைக்கு முன்னே வைத்து நூலுக்குப் பெயரிட்டதே ஓர் இறையியல் நிலைப்பாடு.

இவ்வாசகரின் இயல்பை ஒரு நிகழ்ச்சி காட்டும். 1934-இல் பீகார் நிலநடுக்க நிவாரணக் கணக்குகள் அவர் பொறுப்பில் இருந்தன. அந்நிதியைப் பாதிக்கப்பட்டோருக்குரியதாகக் கருதிய அவர், காந்தியடிகளின் குழுவினர் வந்தபோது அவர்களுடைய செலவை அதிலிருந்து கொடுக்க மறுத்தார். தாம் போற்றிய தலைவருக்கும் கணக்கேட்டில் அவர் விலக்கு அளிக்கவில்லை. காந்தியடிகள் அவருக்கு அன்போடு சூட்டிய பட்டங்களுள் 'இறையியல் முனைவர்' என்பதும் ஒன்று. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டக் கல்லுப்பட்டியில் கழித்து, 1960 சனவரி 30-இல் மறைந்தார். அவருடைய இறையியல் நூல் நம் பாடத்திட்டங்களில் உரிய இடம் பெறவேண்டும் என்பது நம் கருத்து.

7. நமக்குரியது

உவமையின் பயணம் இவ்வாறு கலிலேயாவிலிருந்து லண்டன், டர்பன், வார்தா வழியாகத் தமிழகம் வந்து சேர்ந்தது. வழியில் அதை ஏந்தியவருள் பெரும்பாலோர் நம் ஆலய உறுப்பினர் அல்லர். இதைக் கண்டு திருச்சபை வெட்கப்படவேண்டும் என்று கூறிவிட்டு முடிப்பது எளிது. அதனினும் பயனுள்ளது, அவர்கள் எவ்வாறு வாசித்தனர் என்பதைக் கற்றுக்கொள்வது. காந்தியடிகள் நூலை மூடியதும் ஓர் ஊதியத் தொகையைக் குறித்தார். குமரப்பா நற்செய்தியைக் கணக்கேட்டோடு சேர்த்து வாசித்தார்.

திருச்சபையும் ஒரு தோட்டத்து எஜமான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், விடுதிகள் ஆகியவற்றில் பல்லாயிரம் பேர் திருச்சபையிடம் ஊதியம் பெறுகின்றனர். அவர்களுள் விடுதிச் சமையற்காரர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர், சிற்றூர்ச் சபைகளைத் தாங்கும் உபதேசியார் ஆகியோரே பதினோராம் மணி வேளையின் ஆட்கள். பெரிய பதவிகளின் ஊதியத்தை எவரும் ஏலம் விடுவதில்லை என்று ரஸ்கின் எள்ளியது இவர்களை நினைக்கும்போது நம் செவியில் ஒலிக்கவேண்டும். தோட்டம் பெரிது, வருவாய் சிறிது, எல்லாருக்கும் ஒரே ஊதியம் எப்படி இயலும் என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினா. பீனிக்ஸிலும் அவ்வினா எழுந்தது. அங்கு எல்லாரும் உடன்படவுமில்லை. ஆயினும் அங்கு தொகை ஒன்று வெளிப்படையாகக் கூறப்பட்டது.  ஒரே ஊதியம் இன்று இயலாதெனில், மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு இருக்கலாம் என்பதையாவது ஆலோசனைச் சங்கங்கள் வெளிப்படையாகப் பேசட்டும்.

இறையியல் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். மத்தேயு 20, ரஸ்கினின் முதற் கட்டுரை, காந்தியடிகள் தம் வரலாற்றில் இந்நூலைப் பற்றி எழுதிய சிறு அதிகாரம், குமரப்பாவின் இயேசு பற்றிய நூல் ஆகிய நான்கையும் ஒரே வாரத்தில் சேர்த்துப் படியுங்கள். படித்தபின், உங்கள் விடுதியில் உங்களுக்குச் சோறு வடிப்பவரின் மாத ஊதியம் எவ்வளவு என்று கேட்டறியுங்கள். அந்தத் தொகையை அருகில் எழுதிவைத்துக்கொண்டு, உவமையின் மீதான அருளுரையை எழுதத் தொடங்குங்கள்.